முசாக்கா எவ்வளவு கிரேக்கம்? – அசல் கிரேக்கச் சாப்பாடு பற்றிச் சில குறிப்புகள்

உலகத்தில் எந்த ஊர் கிரேக்க உணவகத்துக்குப் போனாலும் மெனு கார்டு கிட்டத்தட்ட ஒன்றுதான். முசாக்கா, தோல்மாதெஸ், சத்சீகி, கெஃப்தேதெஸ், யீரோ (பல ஊர்களில் 'கைரோ' என்று படிப்பார்கள்), ஃபெட்டா சீஸ் வைத்த கிரேக்க சாலட், கடைசியில் பக்லாவாவும் கிரேக்கக் காபியும். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பெயரும் எந்த மொழியிலிருந்து வந்தது?

முசாக்கா, அரபுச் சொல். துருக்கி வழியாக வந்தது. தோல்மா என்றால் துருக்கியில் 'அடைத்தது'. சத்சீகி என்பது துருக்கியின் 'ஜாஜிக்', அதாவது வெள்ளரிக்காய் போட்ட தயிர். கெஃப்தேதெஸ், கோஃப்தா என்று நமக்குத் தெரிந்த அதே பாரசீகச் சொல். பக்லாவாவும் துருக்கி வழிதான். யீரோ மட்டும் சுத்தமான கிரேக்கச் சொல், 'சுற்று' என்று அர்த்தம். ஆனால் அதுவும் 'தோனர்' (சுழல்வது) என்ற துருக்கிச் சொல்லை அப்படியே மொழிபெயர்த்தது. சரி, ஃபெட்டாவாவது? அது இத்தாலிய மொழியில் 'துண்டு'. சாலட்டில் இருக்கும் தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு.

இந்த இடத்தில் இரண்டு கட்சிகள் கிளம்பும். ஒன்று, "கிரேக்கச் சாப்பாடுன்னு தனியா ஒண்ணும் கிடையாது, எல்லாம் துருக்கிச் சாப்பாடு" என்கிற கட்சி. இன்னொன்று, "எல்லாமே பழைய கிரேக்கர்களுடையது, துருக்கியர்கள் பெயரை மட்டும் மாற்றினார்கள்" என்கிற கட்சி. இரண்டுக்கும் ஆதாரம் தேடினால் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். உதாரணமாக, அத்தி இலையில் பூரணம் வைத்துச் செய்த 'த்ரியான்' என்ற பண்டம் அரிஸ்டோஃபனீஸின் நாடகங்களிலேயே வருகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அப்போது துருக்கியர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆக, இலையில் எதையாவது சுற்றி வேகவைக்கும் யோசனை பழசு, 'தோல்மா' என்ற பெயர் புதுசு. சொல்லின் வயது வேறு, பண்டத்தின் வயது வேறு.

என்னைப் பொறுத்தவரை இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. 'அசல்' என்ற சொல்லை வைத்து எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யாமலேயே சண்டையைத் தொடங்கிவிடுகிறார்கள். வயதையா, ரத்தத் தூய்மையையா, சட்டத்தையா, ஆரோக்கியத்தையா? கிரேக்க நாடு கடந்த நூறு வருஷத்தில் இந்த எல்லா அளவுகோலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் கோட்டுக்கு வெளியே போய் நின்றார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வயதை வைத்து அளந்தால்

பழங்காலக் கிரேக்கர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது நமக்கு ஓரளவு நன்றாகவே தெரியும். சிசிலித் தீவின் கேலா ஊரைச் சேர்ந்த ஆர்கெஸ்ட்ராடஸ் என்பவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில், எந்த ஊரில் எந்த மீன் நல்லா இருக்கும், அதை எப்படிச் சமைக்கணும் என்று செய்யுளாகவே எழுதி வைத்தார். அந்த நூல் முழுசாகக் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து அதெனேயஸ் என்பவர் தொகுத்த விருந்துப் பேச்சு நூலில் மேற்கோள்களாகத்தான் மிச்சம் இருக்கிறது. நல்ல மீனுக்கு எண்ணெயும் உப்பும் போதும், அதன் தலையில் சீஸைக் கொட்டிக் கெடுக்காதே என்பது அவர் கட்சி. இன்றைக்கும் கிரேக்கக் கடலோர உணவகங்களில் இதே சண்டையைக் கேட்கலாம்.

அன்றாடச் சாப்பாடு என்று பார்த்தால், வாற்கோதுமை மாவைப் பிசைந்து செய்த 'மாஸா', பருப்பு, ஆலிவ், அத்திப்பழம், வெங்காயம், ஆட்டுப்பால் சீஸ், கொஞ்சம் மீன். சுவைக்கு 'காரோஸ்' என்ற மீன் சாறு, அதாவது மீனை உப்பில் ஊறவைத்துப் புளிக்க வைத்து வடித்தது. அப்புறம் சில்ஃபியம். இது இன்றைய லிபியாவில் இருந்த கிரீன் என்ற கிரேக்கக் குடியேற்றத்தின் பக்கம் மட்டும் விளைந்த செடி. அந்த ஊர் நாணயத்திலேயே இந்தச் செடியைப் பொறித்தார்கள், அவ்வளவு பணம் அதில். ரோமானியர் காலத்தில் அது கிடைக்காமலே போனபோது மாற்றாகப் பயன்படுத்தியது பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த பெருங்காயம். ஆமாம், நம்ம சாம்பாரில் போடுகிற அதே பெருங்காயம். கிரேக்கச் சமையலில் இன்று சில்ஃபியமும் இல்லை, பெருங்காயமும் இல்லை.

இப்போ வயதுதான் அளவு என்று வைத்துக்கொண்டு இன்றைய கிரேக்கச் சமையலறையைக் காலி செய்து பார்ப்போம். தக்காளி வெளியே. அது கிரேக்க மண்ணில் பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். உருளைக்கிழங்கு, குடைமிளகாய், சீமைச் சுரைக்காய், எல்லாம் அமெரிக்கக் கண்டம், வெளியே. கத்தரிக்காய் இந்தியாவிலிருந்து பாரசீகர், அரபுகள் வழியாக இடைக்காலத்தில் வந்தது. அதுவும் வெளியே. பெரிக்ளீஸ் எலுமிச்சை பிழிந்து மீன் சாப்பிட்டிருக்க மாட்டார், ஏன்னா எலுமிச்சையும் பின்னால் வந்ததுதான். அப்படியென்றால் முட்டையும் எலுமிச்சையும் அடித்துச் செய்கிற 'அவ்கோலேமோனோ' சூப்பும் போச்சு.

இதில் பெரிய அடி வாங்குவது 'ஃபசோலாதா'. வெள்ளை பீன்ஸ், கேரட், செலரி, தக்காளி, நிறைய ஆலிவ் எண்ணெய் போட்ட சூப். கிரேக்கர்களிடம் தேசிய உணவு எது என்று கேட்டால் பலர் முசாக்காவைச் சொல்ல மாட்டார்கள், இதைத்தான் சொல்வார்கள். அந்த வெள்ளை பீன்ஸும் கொலம்பஸுக்குப் பிறகு வந்ததுதான். பழைய நூல்களில் வரும் 'ஃபாசெலோஸ்' என்ற சொல் தட்டைப்பயறு வகையைக் குறித்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. புதுப் பயறு வந்து பழைய பயற்றின் பெயரையும் அடுப்பையும் எடுத்துக்கொண்டது.

மிஞ்சுவது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சாண்டோரினித் தீவின் 'ஃபாவா'. பெயரைப் பார்த்து பெரிய அவரைக்கொட்டை என்று நினைக்க வேண்டாம், இது அந்தத் தீவில் விளையும் ஒரு வகைப் பட்டாணி. உடைத்து வேகவைத்து மசித்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுவார்கள். பார்வைக்கும் பக்குவத்துக்கும் நம்ம பருப்பு மசியலேதான். சுமார் 3,600 வருஷத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோதீரி நகரத்தைத் தோண்டியபோது இதே பயறு அங்கே சேமிப்பில் கிடைத்தது. வயது அளவுகோலில் முதல் பரிசு இதற்குத்தான். ஆனால் வெளிநாட்டுக் கிரேக்க உணவகங்களின் மெனுவில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகக்கூடி, வயதை வைத்து அளந்தால் கிடைப்பது ஓர் அருங்காட்சியகம். எந்தக் கிரேக்கக் குடும்பமும் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்காராது.

தூய்மையை வைத்து அளந்தால்

அடுத்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் ஒரு தனி மனிதர், நிக்கோலாஸ் செலெமென்டெஸ் (1878–1958). வியன்னாவில் தொழில் கற்றவர், அமெரிக்காவிலும் சமையற்காரராக இருந்தவர். 1910இல் ஒரு சமையல் பத்திரிகை தொடங்கினார். 1920களில் அவர் வெளியிட்ட பெரிய சமையல் புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. எந்த அளவுக்கு என்றால், கிரேக்க மொழியில் 'செலெமென்டெஸ்' என்றாலே சமையல் புத்தகம் என்று அர்த்தமாகிவிட்டது.

அவருடைய வாதம் இது. பழைய கிரேக்கச் சமையல்தான் ரோமுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. நடுவில் வந்த ஒட்டோமான் ஆட்சி, கிரேக்கர்களின் சமையலை மசாலாவும் கொழுப்புமாகக் கெடுத்துவிட்டது. எனவே ஐரோப்பியச் சமையலிலிருந்து எடுத்துக்கொள்வது கடன் வாங்குவது ஆகாது, நம்ம சொத்தை நாமே திரும்ப எடுப்பதுதான். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆனது? பூண்டும் மசாலாவும் குறைந்தன. ஆலிவ் எண்ணெய் இருந்த இடத்தில் வெண்ணெய் வந்தது. பிரெஞ்சு வெள்ளைச் சாஸ், அதாவது மைதாவை வெண்ணெயில் வறுத்து பால் ஊற்றிக் காய்ச்சும் பெஷமெல், அடுக்களைக்குள் நுழைந்தது.

முசாக்காவின் மேல் இன்று பொன்னிறமாக வெந்து நிற்கும் அந்தத் தடித்த வெள்ளை அடுக்கு, இவர் கைங்கரியம். அதற்கு முன் கிழக்கு மத்தியதரைக்கடல் முழுக்க முசாக்கா என்றால் கத்தரிக்காயும் கொத்துக்கறியும், பல இடங்களில் வெறும் கத்தரிக்காயும் தக்காளியும்தான். 1844இல் இஸ்தான்புல்லில் அச்சான துருக்கிச் சமையல் புத்தகத்திலேயே முசாக்கா இருக்கிறது. பெஷமெல் இல்லை. அரபு நாடுகளில் இன்றும் இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். இந்தியக் காய், அரபுப் பெயர், ஒட்டோமான் பக்குவம், பிரெஞ்சுச் சாஸ். இவற்றைத் 'துருக்கிக் கலப்பை நீக்குகிறேன்' என்று கிளம்பிய ஒருவர் ஒன்றாகச் சேர்த்தார். அதுதான் இன்று உலகம் முழுக்க 'அசல் கிரேக்க உணவு' என்ற பலகையின் கீழ் விற்கிறது. பிற்காலத்தில் அக்லாயா கிரெமேஸி போன்ற கிரேக்க உணவு எழுத்தாளர்கள் செலெமென்டெஸைக் கடுமையாக விமர்சித்தார்கள். கிராமத்துச் சமையலை மட்டமாக நினைக்க வைத்தவர் என்பது குற்றச்சாட்டு. நியாயம்தான். ஆனால் அதற்குள் மூன்று நான்கு தலைமுறை கிரேக்கர்கள் அந்த வெள்ளை அடுக்கோடுதான் முசாக்காவைச் சாப்பிட்டு வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் நாக்குக்கு அதுதான் அம்மா சமையல். அதைப் போலி என்று சொல்ல நாம் யார்?

தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்

செலெமென்டெஸின் புத்தகம் வீடு வீடாகப் போன அதே காலத்தில்தான் கிரேக்க நாட்டின் மிகப்பெரிய மனித அவலமும் நடந்தது. 1922இல் சின்ன ஆசியாவில் கிரேக்க ராணுவம் தோற்றது, ஸ்மிர்னா நகரம் (இன்றைய இஸ்மிர்) எரிந்தது. 1923 ஜனவரியில் லோசானில் ஒப்பந்தம் போட்டு, மக்களை மாற்றிக்கொள்வதென்று இரு நாடுகளும் முடிவு செய்தன. துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்கு த்ரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. பிரித்தது மதத்தை வைத்து, மொழியை வைத்து இல்லை. துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்த கரமன்லி கிறித்தவர்களும் 'தாய்நாடு' என்று ஒரு தெரியாத நாட்டில் வந்து இறங்கினார்கள்.

1928 கணக்கெடுப்பில் கிரேக்க நாட்டின் மக்கள்தொகை சுமார் 62 லட்சம். அதில் 12 லட்சத்துக்கு மேல் அகதிகள். ஐந்து பேரில் ஒருவர்! உள்ளூர்க்காரர்கள் அவர்களை எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'துருக்கி விதை' என்று. இன்னொன்று, 'தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்'. சாப்பாட்டில் தயிரை அதிகம் சேர்க்கிறார்கள், அதனால் இவர்கள் முழுக் கிறித்தவர்களும் இல்லை, முழுக் கிரேக்கர்களும் இல்லை என்பது கேலி. தட்டில் இருந்ததை வைத்தே மனுஷனின் குடியுரிமையைச் சந்தேகப்பட்டார்கள்.

இப்போ மறுபடி மெனுவைப் பாருங்கள். சீரகமும் பூண்டும் மணக்க, தக்காளிச் சாஸில் வேகும் நீள உருண்டைகள், 'சுத்சுகாக்யா ஸ்மிர்னேய்கா'. பெயரிலேயே ஸ்மிர்னா இருக்கிறது. கம்பியில் சுழலும் இறைச்சி அகதிகளோடு வந்தது. கிரேக்கத்தில் காலப்போக்கில் அது பன்றி இறைச்சியாகி, துருக்கித் தோனரிலிருந்து விலகியது, பெயரும் 'யீரோ' ஆனது. இன்று கிரேக்க நாட்டின் அடையாளம் என்று எந்தத் தயிரை உலகம் காசு கொடுத்து வாங்குகிறதோ, அந்தத் தயிரைச் சொல்லித்தான் நூறு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினார்கள். கிரேக்க உணவு பற்றிப் படித்ததில் என் மனதில் தங்கிப்போன விஷயம் இதுதான்.

விலக்குக் கிடைத்த இஸ்தான்புல் கிரேக்கர்களும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1964இல் சைப்ரஸ் தகராறை ஒட்டி, கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களைத் துருக்கி வெளியேற்றியது. தாஸோஸ் புல்மேத்திஸ் இயக்கிய 'பொலீத்திகி குஸீனா' (2003) அந்தக் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் படம். துருக்கியில் அவர்களைக் கிரேக்கர்கள் என்று விரட்டினார்கள், கிரேக்கத்தில் துருக்கியர்கள் என்று பார்த்தார்கள்.

பெயரை மாற்றிய காபி

பொடியைத் தண்ணீரில் போட்டு, சின்னப் பித்தளைப் பாத்திரத்தில் நுரை கட்டக் காய்ச்சி, வடிகட்டாமல் ஊற்றும் காபியைக் கிரேக்கர்கள் நெடுங்காலமாகத் 'துருக்கிக் காபி' என்றுதான் சொல்லி வந்தார்கள். 1974இல் துருக்கி ராணுவம் சைப்ரஸில் இறங்கியது. அதன்பிறகு கிரேக்கத்தில் அது 'கிரேக்கக் காபி' ஆனது. பொடி மாறவில்லை, பாத்திரம் மாறவில்லை, பக்குவம் மாறவில்லை. 2013இல் யுனெஸ்கோ 'துருக்கிக் காபிப் பண்பாடு' என்று ஒன்றைத் தன் பட்டியலில் சேர்த்தது. காபி அதே காபிதான்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை. ஊரை விட்டு ஓடி வந்தவர்களுக்குப் பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. இங்கே 'கிரேக்க' என்ற அடைமொழி அடுப்பில் நடந்ததைச் சொல்லவில்லை, எல்லையில் நடந்ததைச் சொல்கிறது.

சட்டத்தை வைத்து அளந்தால்

சரி, உணர்ச்சியெல்லாம் வேண்டாம், நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று சொல்லலாம். அதற்குச் சரியான வழக்கு ஃபெட்டா.

டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகள் பல பத்தாண்டுகளாக 'ஃபெட்டா' என்ற பெயரில் வெள்ளைச் சீஸ் தயாரித்து வந்தன. டென்மார்க்கின் சரக்கு பசும்பாலில் செய்தது. 1996இல் ஐரோப்பிய ஆணையம், ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று பதிவு செய்தது. மூன்று நாடுகளும் வழக்குப் போட்டன. 1999இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பதிவை ரத்து செய்தது. பெயர் ஏற்கெனவே பொதுச் சொல்லாகிவிட்டதா என்று ஆணையம் ஒழுங்காக ஆராயவில்லை என்பது காரணம். ஆணையம் மறுபடி ஆராய்ந்து 2002இல் திரும்பப் பதிவு செய்தது. மறுபடி வழக்கு. 2005 அக்டோபரில் கிரேக்கம் ஜெயித்தது.

எதை வைத்து ஜெயித்தது என்பதுதான் சுவாரஸ்யம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃபெட்டாவை அதிகம் சாப்பிடுவது கிரேக்கர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பிற நாடுகளில் விற்ற ஃபெட்டா டப்பாக்களின் மேலேயே கிரேக்கப் பண்பாட்டை நினைவூட்டும் படங்களும் சொற்களும் இருந்தன. 'இது வெறும் பொதுப்பெயர்' என்று வாதாடியவர்களின் லேபிளே அவர்களுக்கு எதிர்ச்சாட்சி சொன்னது. அப்புறமும் டென்மார்க் நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு வெளியே அதே பெயரில் ஏற்றுமதி செய்தன. அதைத் தடுக்காதது தவறு என்று 2022 ஜூலையில் நீதிமன்றம் டென்மார்க்கைக் கண்டித்தது.

சட்டப்படி ஃபெட்டா என்றால் செம்மறியாட்டுப் பால். வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை கலக்கலாம். பசும்பால் கூடாது. குறைந்தது 2 மாதம் உப்புத் தண்ணீரில் பதப்பட வேண்டும். வறண்ட மலையில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு இது வாழ்வாதாரப் பாதுகாப்பு. பசும்பால் சீஸ் மலிவு, அதோடு விலையில் மோத முடியாது. அந்த வகையில் இந்த அளவுகோல் உருப்படியான வேலை செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் சட்டம் என்றால் எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும். பெருநிலப் பகுதிகளும் லெஸ்வோஸ் தீவு மாவட்டமும் கோட்டுக்குள்ளே. கிரீட் தீவு வெளியே. கிரீட்டில் ஒருவர் அதே பாலில், அதே முறையில், அதே உப்புத் தண்ணீரில் சீஸ் போட்டாலும் அதை ஃபெட்டா என்று விற்கக்கூடாது.

தயிர் விவகாரம் இன்னும் விசேஷம். லண்டன் உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது: பிரிட்டனில் 'கிரேக்கத் தயிர்' என்று விற்றால் அது கிரேக்கத்தில் தயாரானதாக இருக்க வேண்டும். தோற்றது சோபானி என்ற அமெரிக்க நிறுவனம். அதை நிறுவிய ஹம்தி உலுகாயா துருக்கியில் பிறந்த குர்து இனத்தவர். அமெரிக்காவிலோ அதே சொல், தண்ணீரை வடிகட்டிக் கெட்டியாக்கிய தயிர் என்ற பக்குவத்தை மட்டும் குறிக்கிறது. லண்டனில் போலியாக இருப்பது நியூயார்க்கில் அசல்.

ஆரோக்கியத்தை வைத்து அளந்தால்

"அசல் கிரேக்கச் சாப்பாடுன்னா கிரீட் தீவுக் கிராமத்துச் சாப்பாடு. ஆலிவ் எண்ணெய், பருப்பு, கீரை, கொஞ்சம் மீன்" என்று டயட் புத்தகங்கள் சொல்லும். இதற்கு வேர் இரண்டு ஆய்வுகள். போருக்குப் பின் 1948இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கிரீட்டில் நடத்திய விரிவான ஆய்வு ஒன்று. 1958இல் தொடங்கி ஆன்செல் கீஸ் நடத்திய ஏழு நாடுகள் ஆய்வு மற்றது. கிரீட் ஆண்களுக்கு இதய நோய் மிகக் குறைவு என்று இரண்டாவது ஆய்வு காட்டியது. 2010இல் மத்தியதரைக்கடல் உணவுமுறை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

ஆனால் முதல் ஆய்வில் அந்த மக்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். உங்கள் சாப்பாடு உங்களுக்குத் திருப்தியா? பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அவர்கள் அதிகம் ஆசைப்பட்டது இறைச்சிக்கு. அந்த ஆய்வு புத்தகமாக வந்தபோது அதன் தலைப்பிலேயே 'வளர்ச்சி குன்றிய பகுதி' என்ற சொற்கள் இருந்தன. ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் மீண்ட தீவு அது. மலையில் கீரை பறித்தது ஆரோக்கியத்துக்காக என்பதை விட, வேறு வழி இல்லாததால் என்பதுதான் உண்மைக்குப் பக்கம். அந்தக் கீரையில் அபாரமான சுவையும் அறிவும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் எதிலிருந்து தப்பிக்க நினைத்தாரோ அதையே அவருடைய அசல் அடையாளம் என்று வெளியாள் முத்திரை குத்துவது கொஞ்சம் நெருடுகிறது.

நாட்காட்டியை வைத்து அளந்தால்

நான்கு அளவுகோலும் நான்கு விதமாகக் கையை விரிக்கின்றன. எனக்கு ஓரளவு உருப்படியாகப் படும் ஐந்தாவது ஒன்று உண்டு. இந்தப் பண்டத்தை அந்த ஊர் வீடுகளில் எந்த நாளில், எதற்காகச் செய்கிறார்கள்?

ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்களை எல்லாம் கூட்டினால் வருஷத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். பெரும்பாலான புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய 40 நாள், ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம். இறைச்சி, பால், முட்டை கிடையாது. மீனுக்கும் கட்டுப்பாடு. ஆனால் ஆக்டோபஸ், கணவாய், இறால் சாப்பிடலாம், ரத்தம் இல்லாத உயிர் என்ற கணக்கு. இன்று எல்லோரும் முழுசாகக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் சமையல் அந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. 'லதெரா' என்று ஒரு பெரிய வகையே இருக்கிறது, அதாவது ஆலிவ் எண்ணெயில் வேகும் காய்கறிகள். பல பண்டங்களுக்கு நோன்பு வடிவம் ஒன்று, விருந்து வடிவம் ஒன்று.

திராட்சை இலை தோல்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொத்துக்கறி வைத்தால் அது விருந்துக்கு. வெறும் அரிசியும் கீரைவகைகளும் வைத்தால் நோன்புக்கு. இந்த இரண்டாவதின் பெயர் 'யலான்சி'. துருக்கியில் 'பொய்யன்' என்று அர்த்தம், உள்ளே கறி இருப்பது போல ஏமாற்றுவதால். கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாளில், துருக்கிப் பெயரோடு, பொய் தோல்மா! இதைவிட அசலான கிரேக்கப் பண்டம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

அல்லது மார்ச் 25ஐப் பாருங்கள். 1821 விடுதலைப் போரின் நினைவு நாள், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளும் அதுவே. பெரிய நோன்புக்கு நடுவில் வரும் அந்த ஒரு நாளில் மீன் அனுமதி. கடலோரத்தில் பிரச்சினை இல்லை. மலைக் கிராமத்தில் புது மீனுக்கு எங்கே போவது? கெட்டுப்போகாத உப்புக் காட் மீன் கிடைத்தது. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடலில் பிடித்தது, கிரேக்கக் கடலில் கிடைக்காத மீன். ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து, 'ஸ்கோர்தால்யா' என்ற பூண்டு மசியலோடு நாடு முழுக்க அன்றைக்குச் சாப்பிடுகிறார்கள். வயதில் தோற்கும், தூய்மையில் தோற்கும், புவியியல் குறியீடு எதுவும் கிடையாது, பொரித்தது என்பதால் டயட் புத்தகமும் முகம் சுளிக்கும். ஆனாலும் மார்ச் 25 அன்று அது இல்லாத கிரேக்க வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

இந்த அளவுகோலுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. கிரேக்கத்தில் நாட்காட்டி ஒன்று மட்டும் இல்லை. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் தெசலோனிகி நகரத்தில் குடியேறி, நான்கு நூற்றாண்டுக்கு மேல் அதன் வாழ்வாக இருந்தார்கள். வெள்ளி மாலை அடுப்பில் வைத்து இரவெல்லாம் மெதுவாக வெந்து பழுப்பேறிய முட்டை, 'போரேகாஸ்' என்ற அடைத்த பணியாரம், இவை அவர்களுடைய ஓய்வுநாள் சாப்பாடு. 1943இல் சில மாதங்களுக்குள் 40,000க்கும் மேற்பட்டவர்களை நாஜிகள் ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. ஒரு கிரேக்க நகரத்தின் வெள்ளிக்கிழமைச் சமையல் அத்தோடு ஏறத்தாழ அணைந்துபோனது. கிரேக்க மெனு கார்டில் அந்த முட்டை இல்லை. அது அசல் இல்லை என்பதால் இல்லை. சமைக்க ஆள் இல்லை என்பதால்.

அதனால்தான் 'இது அசலா?' என்ற கேள்வி எனக்கு இப்போது போதவில்லை. அடுத்த முறை கிரேக்க உணவகத்துக்குப் போனால், சமைக்கிறவர் பேசுகிற மனநிலையில் இருந்தால், "உங்க வீட்டில் இதை எப்போ செய்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முசாக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை வரலாம். ஃபசோலாதாவுக்கு ஒரு குளிர்காலம் வரலாம். சுத்சுகாக்யாவுக்கு ஒரு பாட்டியும், அந்தப் பாட்டி விட்டுவந்த ஊரும் வரலாம். தட்டைப் பறக்கவிட்டு 'ஓப்பா!' என்று கத்துவதற்கு மட்டும் எந்தக் கதையும் வராது என்று நினைக்கிறேன்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: பெஷமெல் போட்ட முசாக்கா சுமார் நூறு வருஷ அளவுக்குக் கிரேக்கம். தயிரும் யீரோவும் அதே அளவுக்கு. சாண்டோரினிப் பருப்பு 3,600 வருஷம். மூன்றும் ஒரே மேசையில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காபியை மட்டும், கடைக்காரர் என்ன பெயர் சொல்கிறாரோ அந்தப் பெயரிலேயே கேளுங்கள்.